பெரிய பிள்ளைகளை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கப் பழக்கலாமா?

நாங்குநேரிப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் கேட்டிருக்கிறார். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை எழுத்துக்கூட்டி வாசிக்க வைக்க நேரம் போதவில்லை. மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கினால் பலன் இருக்குமா, இல்லை நம் வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டுவதாக ஆகிவிடுமா? இதற்கிடையில் ஒரு தாயார் வந்து, "எம் புள்ள படிக்க வருதா, டீச்சர் வேலை பாக்க வருதா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

பழக்கலாம் டீச்சர், பலனும் உண்டு. ஆனால் பெரிய பிள்ளையை வாத்தியார் ஆக்கிவிடாதீர்கள். பாடம் நடத்துவது அதன் வேலை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சின்னது வாசிப்பதைக் கேட்க வேண்டும், தப்பு வரும் இடத்தில் நிறுத்த வேண்டும், மறுபடி சரியாக வாசிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். புது எழுத்தை அறிமுகம் செய்வதும், கொம்பும் காலும் எங்கே நிற்கும் என்று விளக்குவதும் உங்கள் வேலையாகவே இருக்கட்டும். ஆசிரியர் பயிற்றுநராக அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, களக்காடு பக்கங்களில் நான் பார்த்தவரை, இந்த முயற்சி படுத்துப்போன பள்ளிகளில் பெரும்பாலும் இந்த எல்லைதான் அழிந்துபோயிருந்தது.

வெறுமனே கேட்பதில் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றும் இரண்டும் சேர்த்து 20 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். 40 நிமிடப் பீரியடில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னால் தலைக்கு 2 நிமிடம். அதற்குள் ஒருவன் ஒன்னுக்குப் போகணும் என்று நிற்பான், ஒருத்தி பென்சிலைக் காணோம் என்று அழுவாள். ஒன்றரை நிமிடம் தேறினால் பெரிய காரியம். அந்த நேரம் மற்ற 19 பேரும் சும்மா இருக்கிறார்கள். பக்கத்தில் கேட்க ஓர் ஆள் இருந்தால், 20 நிமிடத்தில் ஒரு பிள்ளை 15 நிமிடமாவது வாய் திறந்து வாசித்திருக்கும். எல்லாரையும் சேர்ந்து வாசிக்கச் சொல்கிறோமே என்றால், அதில் நாலைந்து பேர்தான் வாசிக்கிறார்கள், மற்றவர்கள் வாயசைக்கிறார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடத்தை ஒப்பிக்கும் பிள்ளையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தமிழுக்கு இந்த வாய் திறக்கும் நேரம் கூடுதலாகவே வேண்டும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. கன்னடப் பிள்ளைகள் எழுத்துப் பழகுவதைப் பற்றி சோனாலி நாக் ஆய்வு செய்திருக்கிறார். நம்முடையதைப் போன்ற எழுத்துமுறையில் முழு வரிசையும் பிள்ளைகளின் கைக்கு வர வருடங்கள் பிடிக்கின்றன என்பது அதில் தெரிகிறது. ஒன்றாம் வகுப்போடு எழுத்து முடிந்தது என்பது நம் பாடத்திட்டக் கணக்கு, பிள்ளையின் கணக்கு வேறு. எண்ணிக்கையைவிடத் தொல்லை தருவது குறிகள் நிற்கும் இடம். 'தோசை' என்ற சொல்லைப் பாருங்கள். இரட்டைக் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் சத்தமோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் போகும் பிள்ளை 'தே' என்று தொடங்கிவிட்டு, கால் வந்ததும் திகைத்து நிற்கும். இதை நீங்கள் ஒரு தரம் விளக்கினால் புரிந்துவிடும். ஆனால் புரிந்தது பழக்கமாக வேண்டுமென்றால் தோசை, கோழி, சோறு, மோர் என்று திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டு வாயில் வரவேண்டும். இரண்டு ஆசிரியர்களால் ஈடுகொடுக்க முடியாதது அந்தத் திரும்பத் திரும்பத்தான். துணைக்கு ஒரு பிள்ளை உட்காருவது அதற்காக.

இது வெளிநாட்டிலிருந்து வந்த புதுமை என்று யாராவது சொன்னால், நம் தாத்தாக்கள் காலத்துச் சட்டாம்பிள்ளையை ஞாபகப்படுத்துங்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அண்ணாவி என்ற வாத்தியார் ஒருவர், அவருக்குக் கீழே மூத்த மாணவன் ஒருவன் சின்னதுகளை மணலில் எழுதவைப்பான். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைப் பார்த்துக்கொள்ள வந்தார். நம் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்களிடம் அது நடக்கவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற 8 வயதுப் பையனிடம் கீழ் வகுப்பை ஒப்படைத்தார், நடந்தது. ஊர் திரும்பி 1797இல் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. நம் ஊர்ச் சரக்குதான் கப்பலேறிப் போயிருக்கிறது.

ஆனால் அந்தச் சட்டாம்பிள்ளை முறையை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. அதில் ஒரு பையன் ஒரு கூட்டத்தையே மேய்ப்பான். பாடம் முழுக்க ஒப்பிப்பு, கையில் பிரம்பு வேறு. உங்களிடம் வந்த தாயாரின் கேள்விக்குள் இருக்கும் எரிச்சல்கூட அந்தப் பிம்பத்தின் மேல்தான் என்று நினைக்கிறேன். இன்றைக்கு ஆய்வுகள் பலன் என்று சொல்வது ஒன்றுக்கு ஒன்று உட்காரும் ஜோடி முறையை. அமெரிக்காவில் கான்சஸ் நகரத்து ஏழைப் பகுதிப் பள்ளிகளில் 1980களில் வகுப்பு முழுவதையும் ஜோடி ஜோடியாக்கிச் செய்துபார்த்தார்கள். பிறகு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் ஃபுக்ஸும் லின் ஃபுக்ஸும் அதை ஒழுங்கான முறையாக்கினார்கள். 1997இல் அவர்கள் வெளியிட்ட 15 வாரச் சோதனையில், சுமாராக வாசிக்கும் பிள்ளை, மெதுவாக வாசிக்கும் பிள்ளை, கற்றல் குறைபாடுள்ள பிள்ளை என்று மூன்று தரப்பும் முன்னேறியிருந்தன. நமக்கும் இது அந்நியமில்லை. பிள்ளைகள் அட்டைகளை வைத்துப் படிப்படியாகத் தாமே படித்த செயல்வழிக் கற்றல் காலம் ஞாபகம் இருக்கும். அதிலேயே சக மாணவர் துணையோடு படிக்கும் குழு ஒன்று இருந்தது. அட்டை வந்த அளவுக்கு, அந்தத் துணைப்பிள்ளை என்ன செய்யவேண்டும் என்ற பயிற்சி வரவில்லை என்பது என் குறை.

அந்தப் பயிற்சியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், முழு விஷயமும் இதில்தான் நிற்கிறது. சின்னப் பிள்ளை தன் விரலைச் சொல்லுக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டு வாசிக்க வேண்டும். பெரிய பிள்ளையின் விரல் புத்தகத்தில் படக் கூடாது. தப்பு வந்தாலோ நின்றாலோ, "நில்லு. அதத் திரும்பப் பாரு" என்று மட்டும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ண வேண்டும். அதற்குள் வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் முழுச் சொல்லையும் தானே சொல்லிவிட வேண்டும், சின்னது அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதன்பின் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். அதை விட்டால் பிள்ளை அந்தச் சொல்லைக் காதால் கேட்டதோடு சரி, கண்ணால் வாசித்திருக்காது.

ஐந்து எண்ணுவது பெரிய பிள்ளைக்கு மகா கஷ்டம். தெரிந்த பதிலை வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது பெரியவர்களுக்கே வருவதில்லையே. தொடையில் விரலால் தட்டி எண்ணச் சொல்லுங்கள், அதற்கு அது உதவும்.

பழக்குவதற்கு நான் செய்வது இது. பலகையில் 'குரங்கு மரத்தில் ஏறியது' என்று எழுதிவிட்டு, 'குரங்கு மாரத்தில்' என்று நானே வாசிப்பேன். முதலில் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். வாத்தியார் தப்பு என்று எப்படிச் சொல்வது? இன்னொரு தடவை இன்னும் சத்தமாக 'மாரத்தில்' என்பேன். பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாக வரும்: "சார், தப்பு." "தப்புன்னு சொல்லக் கூடாதுல்லா? என்ன சொல்லணும்?" என்று கேட்பேன். "நில்லுங்க சார். அதத் திரும்பப் பாருங்க." வகுப்பே சிரிக்கும். அப்புறம் என்னை நிறுத்துவதற்கென்றே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வேண்டுமென்றே ஐந்து எண்ணும்வரை முழிப்பேன், சொல்லிக்கொடுத்த பிறகும் வாக்கியத்தைப் பாதியிலிருந்து தொடங்குவேன். "மொதல்ல இருந்து சார்!" என்று கத்தும்வரை விட மாட்டேன். இரண்டு மூன்று நாள் இந்த விளையாட்டு நடந்தால் போதும். ஜோடியாக உட்காரும்போது அது "நில்லுலே" என்றும் "ஏட்டி, நில்லு" என்றும் ஆகிவிடும். ஆகட்டும், அதைத் திருத்த வேண்டாம். ஆனால் தலையில் கொட்டுவது, காதைப் பிடிப்பது, "இதுகூடத் தெரியாதா" என்பது ஆகாது. பிள்ளையை அடிக்கவோ மனம் நோக வைக்கவோ கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் நம்மைக் கட்டிப்போட்டிருக்கிறது, நமக்குப் பதிலாக இன்னொரு பிள்ளை கொட்டுவதை எப்படி அனுமதிக்க முடியும்? கொட்டினால் அந்த வாரம் ஜோடி கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாரைத் துணைக்குப் போடுவது? வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளையைத்தான் எல்லாரும் கைகாட்டுவார்கள். என் அனுபவத்தில் அது அவ்வளவு சரிவராது. அதற்குப் பொறுமை இருக்காது, சின்னது வாயெடுப்பதற்குள் சொல்லிவிடும். நான்காம் வகுப்பில் தானே தடுமாறி வாசிக்கும் பிள்ளையை எடுங்கள். நான்காம் வகுப்புப் பாடத்தில் கூனிக்குறுகி உட்காரும் பையன் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தன் வகுப்பில் கையால் தொட மாட்டான், கேவலம் என்பான். தம்பிக்குக் கேட்கப் போகிறாய் என்றால் அதையே தைரியமாக எடுத்து வாசிப்பான். அவனுக்கு விட்டுப்போன எழுத்துகளும் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. முந்தின நாள் அந்தப் பக்கத்தை உங்களிடம் ஒருமுறை வாசித்துக்காட்டிவிட்டுப் போகட்டும், மறுநாள் தடுமாற மாட்டான்.

அந்தத் தாயாருக்குச் சொல்லவேண்டிய பதிலும் இதுவே. பீட்டர் கோஹன், கூலிக் என்ற பெயருள்ள இருவர் என மூன்று ஆய்வாளர்கள் 1982இல் 65 ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தார்கள். கற்றுக்கொண்ட பிள்ளைக்கு மட்டுமல்ல, கற்றுக்கொடுத்த பிள்ளைக்கும் படிப்பில் முன்னேற்றம் இருந்தது. ஆய்வு கீய்வு என்று அவரிடம் பேச வேண்டாம். ஒருநாள் கூப்பிட்டு, அவர் பிள்ளை ஒன்றாம் வகுப்புக் குழந்தையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வையுங்கள். கூடவே, அந்தப் பிள்ளையின் சொந்தப் பாட நேரத்தில் கைவைக்கவில்லை என்பதையும் அவர் நம்ப வேண்டும். அதனால் நேரத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு பிள்ளைகள் சீக்கிரமே வந்துவிடுகின்றன. சாப்பிட்டுக் கை கழுவியபின் பிரேயர் மணிவரை சும்மா ஓடிக்கொண்டிருக்கும் நேரம் ஒன்று இருக்கிறதே, அதில் 20 நிமிடம் எடுங்கள். ஃபுக்ஸ் முறையில் இரண்டாம் வகுப்புக்கு மேல் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 35 நிமிடம். நம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அவ்வளவு நேரம் உட்காரத் தெம்பு இருக்காது. வாரம் நான்கு நாள், 20 நிமிடம் என்பது ஓடும்.

பெரிய பிள்ளையைத் துணைக்குப் போடுவது ஒன்றாம் வகுப்புக்கு. இரண்டு, மூன்றாம் வகுப்புகளுக்குப் பெரிய பிள்ளைகள் தேவையில்லை, அதே வகுப்புக்குள்ளேயே ஜோடி போடலாம். வாசிப்புத் திறன் வரிசையில் 1 முதல் 20 வரை எழுதிக்கொண்டு நடுவில் கோடு போடுங்கள். முதலாவது பிள்ளையும் பதினோராவது பிள்ளையும் ஒரு ஜோடி, இரண்டாவதும் பன்னிரண்டாவதும் ஒரு ஜோடி, இப்படியே. முதலாவதையும் இருபதாவதையும் சேர்த்தால் இரண்டுக்கும் சலிப்பு. நன்றாக வாசிப்பவர் ஐந்து நிமிடம் முதலில் வாசிக்க வேண்டும், மற்றவர் அதே பக்கத்தைப் பிறகு வாசிக்க வேண்டும். அப்புறம் ஆள் மாற்றி, வாசித்தவர் கேட்பார். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைவாரியாக அரும்பு, மொட்டு, மலர் என்று ஏற்கெனவே பிரித்துவைத்திருப்பீர்கள். அரும்புக்கு மொட்டு, மொட்டுக்கு மலர் என்று போட்டாலும் கிட்டத்தட்ட இதுதான்.

ஜோடியை நீங்களே போடுங்கள், பிள்ளைகளைத் தேடிக்கொள்ளச் சொல்லாதீர்கள். நம் பக்கத்தில் அப்படிச் சொன்னால் தெருவாரியாகப் போய் உட்கார்ந்துவிடும். எந்தத் தெரு என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023இல் நாங்குநேரியில் பெரிய வகுப்புப் பையன்களிடையே நடந்த சாதித் தாக்குதலையும், அதன்பின் நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு போட்டதையும் நாம் பார்த்தோம். ஏழு வயதில் ஒரே புத்தகத்தில் இரண்டு தலை குனிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு தெருப் பிள்ளை எப்போதும் சொல்லிக்கொடுக்கிற இடத்திலும் இன்னொரு தெருப் பிள்ளை எப்போதும் கேட்டுக்கொள்கிற இடத்திலும் உட்கார்ந்தால், நாமே அந்தப் பிரிக்கும் வேலையைச் செய்து முடித்தவர்கள் ஆவோம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஜோடியைக் கலையுங்கள், ஆள் மாற்றி வாசிப்பதை விடாதீர்கள்.

நம் பேச்சுவழக்கால் வரும் சிக்கல் இரண்டு. நம் பக்கத்தில் பல வீடுகளில் பழமும் 'பளம்'தான், வாழையும் 'வாளை'தான். சின்னது 'பளம்' என்று வாசித்தால் பெரியதின் காதுக்கு அது சரியாகத்தான் கேட்கும். இதில் துணைப்பிள்ளையைக் குறைசொல்லிப் பயனில்லை. ழகர ளகரத்தை ஜோடியிடம் விடாமல், உங்கள் எழுத்துவேலையில் கண்ணால் பிரித்துக் காட்டுங்கள். இரண்டாவது, 'வந்தது' என்று இருப்பதைப் பிள்ளை 'வந்துச்சு' என்று வாசிப்பது. இதை நான் ஒன்றாம் வகுப்பில் தப்பாக எண்ணவே மாட்டேன். அந்தப் பிள்ளை எழுத்தைப் பார்த்து, அர்த்தம் புரிந்து, தன் வாய்மொழியில் சொல்கிறது, சந்தோஷப்பட வேண்டிய விஷயம். இரண்டாம் வகுப்பு நடுவில், "எழுத்துல எப்படி இருக்கு?" என்று துணைப்பிள்ளை கேட்கப் பழக்கினால் போதும்.

வாசிக்க என்ன கொடுப்பது? பத்துச் சொல் வாசித்தால் ஒன்றுக்கு மேல் தடுக்காத பக்கம் வேண்டும். பாடப்புத்தகம் பெரும்பாலும் அதைவிடக் கடினம், அந்த நேரத்துக்கு அதை மூடிவையுங்கள். அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலைவாரியாக வந்த சின்னப் புத்தகங்கள் பள்ளியில் இருந்தால், பீரோவிலிருந்து வெளியே எடுங்கள். ப்ரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை பிரித்து இலவசமாகவே கிடைக்கின்றன. இல்லாவிட்டால் நீங்களே நாலு வரி எழுதுங்கள், கோயில் கொடையில் ராட்டினம் சுற்றியது, ஆச்சி பாய் விரித்தாள் என்று. தங்கள் ஊர் சமாச்சாரம் என்றால் விழுந்து விழுந்து வாசிக்கும். ஒரே பக்கத்தை மூன்று நாள் வாசித்தாலும் குற்றமில்லை. மூன்றாம் நாள் தடுக்காமல் ஓடும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் ஏன் என்று தெரியும். அந்தப் பக்கத்தை வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் போல அம்மா பீடி சுற்றும் வீடுகளில் அவருக்குக் கை ஓயாது, காது சும்மாதான் இருக்கும். அவருக்கு வாசிக்கத் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை.

சத்தத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பத்து ஜோடி சத்தமாக வாசித்தால் சந்தை மாதிரிதான் இருக்கும். வராந்தா, வேப்பமரத்தடி என்று பிரித்து உட்கார வையுங்கள். வட்டாரக் கல்வி அலுவலர் வந்து என்ன இரைச்சல் என்று கேட்டால் ஒரு ஜோடியின் பக்கத்தில் கூட்டிப்போய் உட்காரவையுங்கள். ஆனால் அந்த 20 நிமிடம் நீங்கள் நாற்காலியில் உட்காரக் கூடாது. நோட்டுத் திருத்த ஆரம்பித்தால் ஒரே வாரத்தில் எல்லாம் அரட்டையாகிவிடும். நடந்துகொண்டே காது கொடுங்கள். எந்த ஜோடி மறுபடி வாசிக்கும் படியை விடுகிறது என்று பாருங்கள், அதை மட்டும் திருத்துங்கள். மார்க், நட்சத்திரம், அணிப் போட்டி எல்லாம் அமெரிக்க முறையில் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. நம் பிள்ளைகளிடம் அது போட்டியாகி, தப்பை மறைக்கப் பார்க்கும்.

ஜூன் மாதமே தொடங்க வேண்டாம். புதுப் பிள்ளைகளின் அழுகை அடங்கி, கொஞ்சம் எழுத்தாவது நீங்கள் அறிமுகப்படுத்தியபின் ஆகஸ்டில் தொடங்குங்கள். ஊர்க் கொடை வாரத்தில் பாதிப்பேர் வர மாட்டார்கள், அதற்கென்று இரண்டு மூன்று பெரிய பிள்ளைகளை உதிரியாகப் பழக்கிவையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் நீங்களே ஒரு நிமிடம் வாசிக்கக் கேட்டு, எத்தனை சொல் சரியாக வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் ஆகியும் எண்ணிக்கை அசையாத பிள்ளை ஓரிருவர் இருப்பார்கள். அவர்களுக்கு ஜோடியை மாற்றிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை. புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் பிடிக்கிறதா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறதா என்று முதலில் பாருங்கள். கண்ணும் காதும் சரியாக இருந்தால் அந்தப் பிள்ளையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற பிள்ளைகள் ஜோடியில் இருக்கும் நேரத்தில் உங்களுக்கு அதற்கு இடம் கிடைக்கும்.